சைமன் ஒளித்த கடல்

சைமன் கடலுக்குப் போய் ஆறு நாள். நான்காம் நாளே காசிமேட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டிய விசைப்படகு இன்னும் வரவில்லை, வயர்லெஸ்ஸிலும் சத்தமில்லை. தேடப் போகும் கடலோரக் காவல்படை கேட்டது ஒரே கேள்விதான்: எந்தப் பக்கம் போனார்? அதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. மீன் மண்டும் கடலடிப் பாறைத் திட்டை மீனவர்கள் 'பாரு' என்பார்கள். தன் பாரு எங்கே இருக்கிறது என்று துறையில் எவனும் வாய் திறக்க மாட்டான். சைமன் இன்னும் ஒரு படி மேலே. கட்டியவளிடமும் மூச்சு விட்டதில்லை.

அவன் மனைவி எல்சி, மாதா படத்துக்குப் பின்னால் அவன் ஒளித்து வைத்திருந்த ஒரு பென்டிரைவை எடுத்து வந்தாள். சைமனின் தங்கை மகிமா அதை லேப்டாப்பில் செருகினாள். உள்ளே இரண்டு பார்டிஷன், ஒரே பெட்டிக்குள் இரண்டு அறை மாதிரி. முதலாவதில் கோயில் பாட்டுகள். இரண்டாவது திறக்கவில்லை, ஃபார்மட் செய்யவா என்று கேட்டது.

"இன்னா கேக்குது அது? ஆமான்னு அமுக்கு, மகிமா."

"ஐயோ அண்ணி! அமுக்குனா மொத்தமும் பூடும்."

காட்டுப்பள்ளியில் கண்காணிப்புக் கேமராக்களின் டிஸ்க்குகளிலிருந்து படங்களை எடுத்துத் தரும் நிரல் எழுதுவது மகிமாவின் வேலை. அந்த டிஸ்க்குகளைக் கண்டாலும், எழுதியிருக்கும் முறை புரியாமல் விண்டோஸ் இப்படித்தான் கையை விரிக்கும். அவளுடைய நிரல் விண்டோஸின் தயவை எதிர்பார்ப்பதில்லை. அந்த முறைகளைப் படிக்கத் தெரிந்த ஒரு ஃபைல் சிஸ்டம் லைப்ரரியின் துணையோடு, எந்த பார்டிஷன் எங்கே தொடங்குகிறது என்று டிஸ்க்கிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு நேராக உள்ளே இறங்கும். படிக்கும், எதையும் தொடாது. படங்களுக்குப் பதில் எல்லா ஃபைலையும் எடு என்று ஒரே ஒரு வரியை மாற்றி ஓட்டினாள்.

திரை நிறைந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பாருகள். ஒவ்வொன்றுக்கும் அதன் அட்சரேகை, தீர்க்கரேகை, அவன் வைத்த பெயர். 'வலை கிழிச்சான்.' 'ரெட்டை சுறா.' 'எல்சி கோச்சிகினது.' மகிமாவுக்கு மெய்சிலிர்த்தது. பத்தாவது தாண்டாத அண்ணன், கண்ணால் பார்க்கவே முடியாத ஓர் ஊரைத் தெருத்தெருவாகத் தெரிந்து வைத்திருக்கிறான்! கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் அத்தனை கடல். நாள் தவறாமல் டிஸ்க் திறக்கிறவள், அன்று அந்தப் பட்டியலை மேலும் கீழும் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள்.

எல்சி தன் பெயரை விரலால் தொட்டாள். "இது எந்தச் சண்டைன்னே தெர்லியே," என்றாள்.

கடைசி ஃபைல், அவன் கிளம்பிய அன்று காலையில் எழுதியது. அதில் இந்தப் பயணத்துக்கென்று குறித்த ஐந்தே பாருகள். காவல்படைக்குப் போன் போட்டு மகிமா எண்களை ஒவ்வொன்றாக, இரண்டிரண்டு தடவை வாசித்தாள்.

மறுநாள் மதியம் நான்காவது பாருவில் படகு அகப்பட்டது. என்ஜினும் பேட்டரியும் செத்து, நங்கூரமே கதியென்று கிடந்தது. சைமனோடு சேர்த்து படகிலிருந்த ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். காவல்படைக் கப்பலிலிருந்து சைமன் பேசினான்.

"எல்சி, என் பாருவ எவன்டி காட்டிக் குட்த்தான்?"

"நான்தான்யா. அஞ்சு பாருவயும் சொல்லிட்டேன். கத்தறத வூட்டுக்கு வந்து கத்து," என்றாள் எல்சி. அதற்கு மேல் அவளால் அழுகையை அடக்க முடியவில்லை.