கேட்காமல் வாங்கிய எரு

ஞாயிறு பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தவர்கள் வழக்கம்போல வண்டிகளில் சாய்ந்து நின்று தோட்டக் கதை பேசினார்கள். ஓடெல் காம்ப்ஸ்தான் ஆரம்பித்தார். பாதி ஆயுளை நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதியைத் தக்காளிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் மனிதர்.

"எந்தச் செடியப் பாத்தாலும் இலை சிகரெட்டு மாதிரி சுருண்டு கெடக்கு. பத்த வச்சா இழுத்துரலாம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நாத்து எங்க வாங்கினது?" என்றார் ஒருவர்.

"வேற எங்க, அந்த ஹென்ஸ்லி பொண்ணுகிட்டதான். காலேஜுல தொழில் படிச்சுட்டு நாத்துப் பண்ணை வச்சிருக்கால்ல? அப்பன் வாயில எந்நேரமும் பொகையில. எச்சிக் கையோட நாத்தத் தொட்டிருப்பான். பொகையிலச் சீக்கு தக்காளிக்குத் தாவாம என்ன பண்ணும்?"

பிறகு ஓடெல், கூட நின்ற ஆர்லிஸ் ராட்லிஃபின் தோளில் கை போட்டார். "எனக்கு இவன நெனச்சாதான் வருத்தம். இவன் குடுத்தது எப்பேர்ப்பட்ட எரு! அதுல கொண்டுபோய் சீக்கு நாத்த நட்டு நாசம் பண்ணிட்டோம்."

ஆர்லிஸ் தலையாட்டினான். வேண்டுமென்று ஆட்டவில்லை, அதுவாக ஆடியது. ஆனால் ஆடியது அவன் தலைதான். கார்லீன் ஹென்ஸ்லியின் அப்பா கொஞ்ச தூரத்தில் தன் வண்டியின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். அவர் காதில் எவ்வளவு விழுந்ததோ, இந்தப் பக்கம் திரும்பாமல் ஏறி உட்கார்ந்து போய்விட்டார்.

ஆர்லிஸுக்கு மூன்று நாளாகவே தெரியும். அவன் வீட்டுக் கொல்லையில் கார்லீனின் நாற்று ஒன்றுகூடக் கிடையாது. அங்கே இருந்தது அவன் மனைவி வருடாவருடம் எடுத்து வைக்கும் விதையில் முளைத்த அவரை. அவனுடைய எருவில் வளர்ந்த அந்த அவரையும் சுருண்டிருந்தது. பக்கத்துப் பாத்திச் சோளம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. புல்வெளிக் களைக்கொல்லியின் கையெழுத்து அது. சோளத்தை விட்டுவிடும், அவரையையும் தக்காளியையும் முறுக்கும். மருந்தடித்த புல்லைக் குதிரை தின்றால் சாணத்தில் இருக்கும், சாணம் மக்கினாலும் போகாது. வகுப்பில் பிரூவிட் மேடம் இதைப் பலகையில் எழுதியே போட்டிருந்தாள்.

சுரங்கம் மூடிய பிறகு, வேலை போனவர்களுக்காக அந்தக் கல்லூரி நடத்திய வகுப்பு அது. சின்னத் தொழில் தொடங்கு, மண்ணைக் கெடுக்காமல் பிழைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அறுபது பவுண்டு துளைக்கருவியைத் தூக்கிப் பழகிய கை பென்சில் பிடிக்கத் தடுமாறியபோது, பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு எழுதிக் கொடுத்தவள் கார்லீன். முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டும் வேலையை விட்டுவிட்டு வந்தவள். அவள் நாற்று வளர்ப்பது, இவன் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கழிவில் எரு போடுவது, சனிக்கிழமைச் சந்தையில் ஆளுக்கொரு மேசை என்று ஏற்பாடு. எருவின் படத்தோடு அவன் படமும் கல்லூரி நடையில் தொங்கியது.

இந்த வருடம் பனியில் பள்ளிக்கூடம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. கழிவு வரவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் பெரிய வெள்ளிக்கு மண்ணில் கை வைக்காதவனைத் தோட்டக்காரன் என்றே யாரும் மதிப்பதில்லை, ஆகவே அதற்கு முன்பே எரு மூட்டை வீடுவீடாகப் போய்ச் சேர வேண்டும். அவன் தவித்ததைப் பார்த்து மனைவியின் தம்பி எல்டன் தன் லாயத்தில் கிடந்த பழைய சாணத்தை டிராக்டரில் அள்ளி வந்து கொட்டினான். காசு வேண்டாம் என்றான். உன் புல்லுக்கு என்ன மருந்து அடித்தாய் என்று கேட்க வேண்டும், எரு நிரப்பிய கோப்பையில் அவரை விதை போட்டு முளை எப்படி வருகிறதென்று பார்க்க வேண்டும், அதுவரை விற்கக்கூடாது. இது வகுப்பின் விதி. ஆனால் இனாமாகக் கொடுத்தவனிடம், அதுவும் வேலை போன வருடம் கேட்காமலே மளிகை கொண்டுவந்து இறக்கிய மச்சானிடம், அப்படிக் கேட்பது இந்தப் பக்கத்தில் அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். கேட்கவில்லை. விதை போட்டுப் பார்த்தால் கேட்ட மாதிரிதான் ஆகும் என்று அதையும் விட்டுவிட்டான். நேரமும் இல்லை என்று சொல்லிக்கொண்டான்.

ஞாயிறு மதியமே எல்டன் வீட்டுக்குப் போனான். வேலியில் கை ஊன்றி மேட்டு நிலத்தைப் பார்த்தான்.

"என்ன மச்சான், இந்த வருஷம் முள்ளுப் பூண்டையே காணோம்?"

"போன கோடையில மருந்து அடிச்சேன்ல. ஒண்ணு பாக்கியில்ல. உனக்கு வேணும்னா கொட்டகையில மிச்சம் இருக்கு, எடுத்துக்க." எல்டன் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "ஏன், என்ன ஆச்சு?"

ஆர்லிஸ் சொன்னான்.

எல்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நீ கேக்கலியே மச்சான்."

"கேட்டிருந்தா கோவிச்சிருப்ப."

"கோவிச்சுத்தான் இருப்பேன். கோவிச்சுக்கிட்டே சொல்லியிருப்பேன்." தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான். "சரி விடு. நாத்துதான் சீக்குன்னு ஊரே பேசுது. நீயா எதுக்குப் போயி வாயக் குடுக்குற?"

திங்கட்கிழமை கார்லீன் வீட்டுக்குச் சொல்லத்தான் போனான். அவள் பசுமைக்குடிலின் முன்னால் இரும்புப் பீப்பாயில் தீ மூட்டியிருந்தாள். விற்காத நாற்றுகள் தட்டுத் தட்டாகக் காத்திருந்தன. ஒரு இலைகூடச் சுருளாத, கொழுத்த, கரும்பச்சை நாற்றுகள்.

"வந்தியா அண்ணே. அந்தப் பக்கம் பிடி, தனியாத் தூக்க முடியல."

"எதுக்குக் கார்லீன்... இதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"இப்ப நல்லா இருக்கும். நட்டப்புறம்தான் சீக்கு தெரியும். ஒண்ண வச்சிருந்தாலும் அடுத்த வருஷத்துக்கும் ஒட்டிக்குமாம்." ப்ளீச் தண்ணீரில் கிடந்து அவள் கைகள் வெந்த மாதிரி சிவந்திருந்தன. "அப்பாவ உள்ள வரக்கூடாதுன்னுட்டேன். நான் பொகையில போட்ட கையால தொடவேயில்லன்னு சத்தியம் பண்றாரு. நான்தான் நம்பல. அந்த மனுசன் அழுதாரு அண்ணே. மண்சரிவுல என் தம்பி செத்தப்பகூட அழல."

வாயைத் திறந்தான். தீயின் புகை தொண்டையில் ஏறியது, இருமினான். இருமி முடித்தபோது அவள் தட்டின் ஒரு முனையைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவன் குனிந்து மறுமுனையைப் பிடித்தான். தூக்கினார்கள், கவிழ்த்தார்கள். பச்சை இலை சடசடவென்று பொரிந்தது. அடுத்த தட்டு. அதற்கடுத்த தட்டு. பசுமைக்குடில் காலியாகும்வரை அவன் தூக்கிக் கொடுத்தான். கடைசியில் அவள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து, "உன்னத் தவிர ஒருத்தரும் எட்டிப் பாக்கல அண்ணே" என்றாள். அந்தத் தண்ணீரையும் வாங்கிக் குடித்தான்.

மறுநாள் பிரூவிட் மேடம் அவனைக் கல்லூரிக்குக் கூப்பிட்டாள்.

"கார்லீன் சந்தைய விட்டுட்டாங்க ஆர்லிஸ். பழையபடி முதியோர் இல்லத்துக்கே போறாங்களாம். பாவம்தான், என்ன செய்யறது, எல்லாருக்கும் தொழில் அமையாது. அவங்க மேசையையும் நீங்களே எடுத்துக்கங்க. அப்புறம், புது வகுப்புக்கு ஒரு நாள் பேசணும். சுத்தமா தொழில் பண்றதுன்னா என்னன்னு உங்க வாயால கேட்டா ஆளுங்களுக்கு நம்பிக்கை வரும்."

"சரி மேடம்" என்றான்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தான். சாவியைப் போடவில்லை. சுரங்கத்தில் கூரைக்கு முட்டு அடிக்கிற வேலை பார்த்தவன் அவன். முட்டு சரியில்லை என்று தெரிந்தும் சொல்லாமல் போகிறவனைப் பற்றி அங்கே என்ன பேசுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவனே பேசியிருக்கிறான். அப்படி ஒருவனோடு சாப்பாட்டுப் பெட்டியைக்கூடப் பக்கத்தில் வைக்க மாட்டார்கள். இப்போது அவன் அந்த ஆள். அதற்கு மேல் ஒரு மேசையும் கிடைத்திருக்கிறது. "சரி மேடம்" என்று சொன்ன தன் குரல் எவ்வளவு மரியாதையாக இருந்தது என்று நினைத்துப் பார்த்தான். சாவியைப் போட்டு வண்டியைக் கார்லீன் வீட்டுக்கு விட்டான்.

அவள் சமையலறையில் முதியோர் இல்லத்துச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை. சாணம், மருந்து, கேட்காதது, போட்டுப் பார்க்காத விதை எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எப்பத் தெரியும்?"

"போன வாரம்."

"திங்கக்கெழமைக்கு முன்னாடியா?"

"ஆமா."

"நான் எரிச்சப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தூக்கிக் குடுத்தியே அண்ணே." அவள் சத்தம் போடவில்லை. அவள் கத்தமாட்டாளா என்று அவன் ஏங்கினான். "ஒண்ணொண்ணாத் தூக்கிக் குடுத்தியே."

"எரு வாங்கின எல்லாருக்கும் நானே மண்ணத் தோண்டி எடுத்துடறேன். மேடத்துக்கிட்டயும்—"

"அதெல்லாம் அப்புறம்." அவள் தன் கைபேசியை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் அவன் முன்னால் வைத்தாள். "ஓடெல்கிட்ட இருந்து ஆரம்பி. நான் கேக்கணும்."

மணி அடித்தது. எடுத்தவுடன் ஓடெல் அவனைப் பேச விடவில்லை.

"ஏம்மா, மறுபடியும் மன்னிப்புக் கேக்கவா கூப்பிட்ட? உங்கப்பன் எச்சில என் தோட்டத்துக்கு வித்துட்டு தெனம் ஒரு போனு. வெக்கமா இல்ல உனக்கு? காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? இனிமே இந்த நம்பர்லருந்து கூப்பிடாத."

கார்லீன் முகம் மாறவில்லை. சீருடைக் காலரை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். இதை அவள் முதல்முறை கேட்கவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. வெளியறையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. அவள் அப்பா அதை அணைத்திருக்க வேண்டும்.

"ஓடெல், நான் ஆர்லிஸ்."

"ஆர்லிஸா? நீ எங்கடா அங்க?"

"நாத்து நல்ல நாத்து. என் எருவுலதான் விஷம். எல்டன் புல்லுல மருந்து அடிச்சிருக்கான். நான் கேக்காம வாங்கி, பாக்காம வித்துட்டேன்."

ஆர்லிஸ் கைபேசியை அணைக்கக் கை நீட்டினான். கார்லீன் அதை நகர்த்திக்கொண்டாள்.

"இன்னும் முடியல" என்றாள். "எரிச்சப்ப கூட நின்னதச் சொல்லு."

அவன் சொன்னான். அவன் குரல் தாழ்ந்திருந்தது. ஓடெல், "என்னடா, காதுல விழல" என்றார். மறுபடியும், உரக்கச் சொன்னான்.