சிவனேஸ்வரியின் அரை நிமிடம்

சிவனேஸ்வரிக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். சிட்னிக்கு வந்து இரண்டு வருடம் அலமாரிக்குள் கிடந்த வயலினை 1975இல் வெளியே எடுத்தவள், கச்சேரி கிடைக்காவிட்டால் ஜாஸாவது கிடைக்கட்டும் என்று பால்மெய்ன் பகுதியில் ஒரு மதுக்கடைக் குழுவிடம் போய் நின்றாள். கூல் ஜாஸ் வாசிக்கும் குழு. பியானோ கிடையாது. பிரெஞ்சு ஹார்ன், அடித்தொனியில் ஊதும் டியூபா, புல்லாங்குழல், பிரஷ்ஷால் தடவும் டிரம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்து கிடப்பவர்களைப் போல நால்வரும் அவசரமே இல்லாமல் வாசித்தார்கள். ஹார்ன் ஊதும் கீத்தான் தலைவர். "சனிக்கிழமை கடைசிப் பாட்டில் வாசி. சரிவந்தால் நீ ஐந்தாவது ஆள்," என்றார்.

ஒத்திகையிலேயே வம்பு. கீத் ஒரு வரி ஊதினால் இவள் வால்பிடித்துக்கொண்டு அதே வரியை இழைத்துவிடுவாள். பாடகர் பாடப் பாட நிழலாய்ப் போவதும், அவர் மூச்சு விடும் இடத்தை நிரப்புவதும்தான் பக்கவாத்தியத்தின் மரியாதை என்று யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் பழகிய கை. சும்மா இருந்தால் வித்துவானை அவமதித்ததாகும்.

மூன்றாம் முறை கீத் ஹார்னைக் கீழே வைத்தார். "அந்த இடைவெளியை நான் வேண்டுமென்றே விட்டேன். அதுவும் பாட்டுத்தான்."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

சனிக்கிழமை, கீத் ஊதி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். பிறகு அவர் தலையசைத்தார். அவள் முறை. வில்லைத் தந்தியில் வைத்தாள், கை அசையவில்லை. பின்தொடர ஆளில்லை. கச்சேரியில் தனக்கென்று விட்ட முறையில்கூட, பாடகர் போட்டுவைத்த வழியில்தான் நடந்திருக்கிறாள். அது அந்தக் கணத்தில்தான் மண்டையில் ஏறியது. அரை நிமிடம் டியூபா மட்டும் உறுமிக்கொண்டு போனது. கடைசியில் ஒரேயொரு சுரத்தை, அதுவும் நடுக்கத்தோடு, இழுத்து முடித்தாள்.

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். கீத் ஓடிவந்து கையைக் குலுக்கினார். "இதைத்தான் கேட்டேன்! இவ்வளவு துணிச்சலாய் ஒருவரும் சும்மா இருந்ததில்லை. இனி நீ எங்கள் ஆள்."

முன்மேசையில் இருந்த கணவர் தேவராஜாவுக்கு வாயெல்லாம் பல். "காரியம் முடிஞ்சுது. வாரும், வீட்டை போவம்."

"இல்லையப்பா. நான் ஒண்டும் வாசிக்கேல்லை. பயந்துபோய் நிண்டனான்."

"அது உமக்கும் எனக்கும்தானே தெரியும். பேசாம வாரும்."

ஆசைப்பட்ட இடம் கைக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டால் போதும். அவள் அதை நினைத்துப் பார்க்காமலில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமையும் அதே இடத்தில் கை உறைந்து நிற்குமே! கைதட்டல் வாங்கிய வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

கீத்திடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் சிரிப்பு அடங்கியது. மற்றவர்களைத் திரும்ப மேடை ஏறச் சொன்னார்.

"இந்த முறை உனக்குப் பிறகுதான் நாங்கள். நீ தொடங்காவிட்டால் பாட்டே கிடையாது."

கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் புறப்பட எழுந்துவிட்டார்கள். சிவனேஸ்வரி யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. வில்லை இழுத்தாள். முதல் சுரம் பிசகியது. நிறுத்தவில்லை, இரண்டாவதைத் தேடிப் போனாள், ஹார்ன் அவளுக்குப் பின்னால் வந்து சேரும்வரை.