திரேசம்மாவின் இருமல்

கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது ஆர்த்திகா கரண்டியை வாயில் வைத்தபடியே நித்திரையாகிப் போனாள். ஒன்றரை வயதுப் பிள்ளை. இரண்டு நாளாகக் காய்ச்சலும் சிணுங்கலுமாக இருந்தவள், களைத்துவிட்டாள் என்று தக்ஷினி நினைத்தாள். வாயைத் துடைத்து, குளிர் அங்கியை மாட்டி, வழக்கம்போலத் திரேசம்மாவின் வீட்டில் விட்டுவிட்டு சென்ட் லோரன்டுக்குப் பஸ் பிடித்தாள்.

அங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசைப் பெட்டிகளை அடுக்கும் வேலை. ஒரு நாள் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். கணவன் கிருஷாந்தன் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டிகள் இறக்கினான். கிளிநொச்சியிலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டு, முடிவுக்காகக் காத்திருக்கிற குடும்பம். பகலில் பிள்ளைகளைப் பார்க்கிற அரசாங்கக் கார்டெரியில் இடம் கேட்டபோது முதலில் உங்கள் பத்திரங்கள் சரியாகட்டும் என்றார்கள். தனியார் கார்டெரிக்குக் கட்டுகிற காசில் வீட்டு வாடகையே கொடுத்துவிடலாம். அப்படி நின்றபோதுதான் திரேசம்மா கைகொடுத்தார்.

திரேசம்மா திருகோணமலைக்காரி. மகன் கூப்பிட்டு வந்தவர். மகன் குடும்பத்தோடு கல்கரிக்கு மாறிப் போனபோது, மருமகளோடு ஒத்துவராது என்று இந்தப் பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியிலேயே தங்கிவிட்டார். வேலைக்குப் போகிற தமிழ்ப் பெண்களின் பிள்ளைகள் நாலு பேரை வீட்டில் வைத்துப் பார்த்தார். லைசென்ஸ் ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளைகளை அடித்ததில்லை, தொலைபேசியைக் கொடுத்து இருத்தியதில்லை. ஆர்த்திகா முதலில் நடந்தது அவர் சமைக்கிற குசினியில்தான். பிரசவம் முடிந்து வந்த கிழமைகளில் தக்ஷினிக்குச் சரக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்ததும், முதுகுக்கு வெந்நீர் ஊற்றியதும் அவர்தான். தாய் இல்லாத ஊரில் அது சின்ன விஷயமில்லை.

அவருடைய வீடு, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டிய செங்கல் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளம். முன்னுக்கு ஒரு ஜன்னல், பின்னுக்கு ஒரு ஜன்னல். நடுவில் இருந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. பகலிலும் இருட்டாக இருக்கும் என்பதால் பிள்ளைகள் மத்தியானம் அங்கேதான் படுப்பார்கள். திரேசம்மாவும் பாய் விரித்து அவர்களோடு சரிந்திருப்பார். குளிர் தொடங்கியதும் முன் ஜன்னலுக்கும் பின் ஜன்னலுக்கும் பிளாஸ்ரிக் ஒட்டி மூடிவிடுவார்.

அந்த வருடம் குளிர் தொடங்கியதிலிருந்து அவருக்கு இருமல். தடிமன், சளி என்றார், பிறகு ஹீற்றரின் காய்ந்த காற்று என்றார். சட்டை தோளில் தொங்குகிற அளவுக்கு மெலிந்திருந்தார். தக்ஷினி அதைக் கண்டாள். டொக்டரிடம் காட்டச் சொன்னாள். திரேசம்மா ஓம் என்றார், போகவில்லை. தக்ஷினி திரும்பக் கேட்கவில்லை. கேட்டு, அவர் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிட்டால் அடுத்த நாள் வேலைக்கு எப்படிப் போவது?

ஆர்த்திகாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது வைரஸ் காய்ச்சல், தானாக மாறும் என்று அனுப்பினார்கள். சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுக்கத் தொடங்கியபோது திரும்பக் கொண்டுபோனாள். அப்போதும் அதையே சொன்னார்கள். மூன்றாம் முறை கிளினிக்குக்குப் போக நேரம் இருக்கவில்லை. பிள்ளையின் இடது கையும் காலும் வெட்டி இழுத்தன. கண்கள் ஒரு பக்கமாகச் செருகின. அம்புலன்ஸ் வந்தது.

பிள்ளைகள் வைத்தியசாலையில் முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள். பிறகு இளம் பெண் டொக்டர் ஒருவர், தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, மெல்லப் பேசினார். பிள்ளைக்குக் காசநோய். நெஞ்சில் தொடங்கி மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்குப் போய்விட்டது. தலைக்குள் நீர் தேங்குகிறது, அதை இறக்கக் குழாய் வைக்கவேண்டும்.

கிருஷாந்தன் தன் மேல்கையில் இருந்த தழும்பைத் தடவினான். ஊரில் பிறந்த உடனே எல்லாருக்கும் காசநோய்த் தடுப்பூசி போடுவார்களே, பிள்ளைக்கு ஏன் போடவில்லை என்று கேட்டான். இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த ஊசி போடுவதில்லை என்றார் டொக்டர். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். சின்னப் பிள்ளைக்கு இந்த நோய் இன்னொரு சின்னப் பிள்ளையிடமிருந்து வருவதில்லை. நெருங்கிப் பழகுகிற பெரியவர் ஒருவரிடமிருந்துதான் வரும். பிள்ளைக்குப் பக்கத்தில் நெடுநாளாக இருமுகிறவர் யார்?

தக்ஷினிக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை."

கிருஷாந்தன் அவளைத் திரும்பிப் பார்த்தான். டொக்டர் போனபிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டான். அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. பொலிஸ் வரும், லைசென்ஸ் இல்லாத வீடு என்று திரேசம்மாவைப் பிடிப்பார்கள், விண்ணப்பம் நிலுவையில் இருக்கிற தங்களையும் இழுப்பார்கள் என்று தாறுமாறாக ஏதோ சொன்னாள். அது பாதி உண்மைதான். மற்றப் பாதி, தன் முதுகுக்கு வெந்நீர் ஊற்றிய மனுசியைத் தன் வாயால் காட்டிக்கொடுக்க அவளால் முடியவில்லை.

அடுத்த நாள், ஆர்த்திகாவைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்த நேரம், காத்திருக்கும் அறையில் இருக்கமுடியாமல் தக்ஷினி எழுந்தாள். கிருஷாந்தனை இருக்கச் சொல்லிவிட்டு மெற்றோ எடுத்துப் பார்க் எக்ஸ்ரென்ஷனுக்கு வந்தாள்.

திரேசம்மா கதவைத் திறந்தார். முகத்தில் மாஸ்க் கட்டியிருந்தார். உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ஆர்த்திகாவுக்கு எப்படி என்று கேட்டார். தக்ஷினி வாசலில் நின்றபடியே நோயின் பெயரைச் சொன்னாள்.

திரேசம்மா திடுக்கிடவில்லை. மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பு வைக்கிற பலகையில் இருந்தார். அதைக் கண்டதும் தக்ஷினி கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமோ அன்ரி?"

அவர் நிலத்தைப் பார்த்தபடி, கணவர் யோசெப்பைப் பற்றிச் சொன்னார். யோசெப் திருகோணமலையில் மீன்பிடிக் கொம்பனியில் வேலை செய்தவர். இதே கச நோய் பிடித்துக் கடைசிவரை வீட்டில்தான் கிடந்தார். அயல் சனம் அவர்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை விட்டார்கள். கோயிலில் அவர் இருந்த வாங்கில் ஒருவரும் இருக்கவில்லை. மகனைப் பள்ளிக்கூடத்தில் கடைசியில் தனியாக இருத்தினார்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்காமல் போனார்கள். இந்த மார்கழியில், இருமித் துப்பியபோது இரத்தம் கண்டதும் தனக்கு விளங்கிவிட்டது என்றார்.

"பிள்ளையளுக்குப் பக்கத்தில மாஸ்க் போட்டனான். என்ர கோப்பையைப் புறம்பா வைச்சனான். தொடாமல் விட்டால் தொத்தாது எண்டு நினைச்சன், பிள்ளை."

"மத்தியானத்தில அவையோட அந்த அறைக்குள்ள படுத்தனீங்கள்."

"அழுவினமே. ஆரும் பக்கத்தில படுக்காட்டி அழுவினம்."

தக்ஷினி உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகள் பிளாஸ்ரிக் டப்பாக்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே பிள்ளையை விட்டு வேலைக்குப் போகிற நிருஷாவின் மகன் டனிஸ்ரன், இன்னும் ஒரு வயது ஆகாதவன், தவழ்ந்து வந்து திரேசம்மாவின் முழங்காலைப் பிடித்து எழும்பி நின்றான். திரேசம்மாவின் கை தன்பாட்டில் அவன் முதுகைத் தாங்கப் போனது. பாதியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டார்.

நத்தார்ப் பண்டிகை முடியட்டும் என்றார் திரேசம்மா. ஏதும் சாட்டுச் சொல்லி ஒவ்வொரு தாயிடமும் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும், பிறகு தானே வைத்தியசாலைக்குப் போவதாகவும் கெஞ்சினார். பெயர் மட்டும் வெளியில் வரவேண்டாம். மகனுக்குத் தெரிந்தால் இனிக் கதைக்கவும் மாட்டான்.

தக்ஷினி சரி என்று சொல்லப்போனாள். டனிஸ்ரன் பிடி விட்டு, தொப்பென்று இருந்து, அழாமல் அவளைப் பார்த்து வாயைத் திறந்தான். கீழே இரண்டு பல். ஆர்த்திகாவும் இந்த வீட்டில் இப்படித்தான் இருந்தாள், போன மாதம்கூட.

"ஏலாது அன்ரி," என்றாள். "இண்டைக்கே சொல்லப்போறன். நீங்களாச் சொன்னால் நல்லம். இல்லாட்டி நான் சொல்லுவன்."

திரேசம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். கதவு மெல்ல மூடிக்கொண்டது. தக்ஷினி வைத்தியசாலைக்குத் திரும்பி, பொதுச் சுகாதாரப் பகுதியிலிருந்து வந்திருந்த மிரேய் என்ற தாதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மிரேய்க்கு ஐம்பது வயதிருக்கும். அவர் குறைசொல்லவில்லை, ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. பொலிஸுக்கும் குடிவரவுக்கும் இதில் வேலையில்லை, சிகிச்சைக்குக் காசு கட்டத் தேவையில்லை, யார் சொன்னது என்று ஒருவருக்கும் சொல்லமாட்டோம் என்றார். முந்திய நாள் யாராவது இதைத் தனக்குச் சொல்லியிருந்தால் என்று தக்ஷினி நினைத்தாள். அந்த வீட்டின் அமைப்பைக் கேட்டதும் மிரேய் தலையசைத்தார். அந்தக் காலத்து வீடுகளின் நடு அறைகளைத் தனக்குத் தெரியும், இதே நோயோடு தன்னுடைய பெரியதாத்தா ஒருவர் அப்படி ஓர் அறையில்தான் செத்தார் என்றார்.

அன்று பின்னேரமே திரேசம்மாவை வைத்தியசாலையில் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். மற்ற மூன்று பிள்ளைகளையும் தாய்மாரையும் கூப்பிட்டுச் சோதித்தார்கள். இரண்டு பிள்ளைகளுக்குக் கிருமி தொற்றியிருந்தது, நோயாகவில்லை. டனிஸ்ரனின் நெஞ்சில் நோய் தொடங்கியிருந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் சில கிழமை போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று டொக்டர் நிருஷாவிடம் சொல்லவில்லை. அவள் ஆர்த்திகாவின் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று, தலையில் கட்டும் மூக்கில் குழாயுமாகக் கிடந்த பிள்ளையைப் பார்த்துத் தானாகவே விளங்கிக்கொண்டாள்.

ஆனால் நன்றி என்று ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளை பார்க்க ஆள் இல்லாமல் நிருஷா வேலையை விட்டாள். மற்றொரு தாய் ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் இருந்த தமக்கை வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு, வார இறுதியில் மட்டும் பார்க்கப் போய்வந்தாள். யார் சொன்னது என்று தாதிமார் சொல்லாவிட்டாலும் தெருவுக்குத் தெரிந்தது. தமிழ்க் கடையில் தக்ஷினி வரிசையில் நின்றால் பின்னால் ஆள் வராது. நோய்க்குப் பயமா, காட்டிக்கொடுத்ததற்குக் கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்றான் கிருஷாந்தன். திரேசம்மா வைத்தியசாலையில் இருக்கும்போதே வீட்டுக்காரர் அவருடைய சாமான்களைப் பைகளில் கட்டிப் பின்பக்கம் வைத்துவிட்டார். பனி விழுந்து ஊறிப்போனதை மிரேய் கண்டுதான் எடுப்பித்தார்.

ஆர்த்திகா பிழைத்தாள். பனி கரைகிற காலத்தில் வீட்டுக்கு வந்தபோது கழுத்து நிற்கவில்லை. இடது கை மூடியபடியே இருந்தது. பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. முதலில் களைப்பு என்றார்கள், பிறகு சோதித்துப் பார்த்து, இரண்டு காதும் கேட்காது என்றார்கள். தக்ஷினி வேலைக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு காலையும் தாதி ஒருவர் வந்து, பிள்ளை மருந்து விழுங்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டுப் போவார். குளிசையை நசுக்கி வாழைப்பழத்தில் பிசைந்து கொடுத்தால் பாதி வெளியே வரும். திரும்பக் கொடுக்கவேண்டும். வருடம் முடியும்வரை அப்படித்தான்.

வைகாசியில் ஒரு நாள் கிளினிக்கில் திரேசம்மாவைக் கண்டாள். தலைமயிர் குறைந்து, உடம்பு கொஞ்சம் தேறியிருந்தார். இப்போது தொற்றாது என்று மாஸ்க் இல்லாமல் இருக்க விட்டிருந்தார்கள். ஆனாலும் அவர் கட்டியிருந்தார். தேவாலயத்தில் தெரிந்த குடும்பம் ஒன்று ஓர் அறை கொடுத்திருந்தது. மகன் வரவில்லை.

தக்ஷினியைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். தள்ளுவண்டியில் இருந்த ஆர்த்திகாவைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளை தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தது. திரேசம்மா இன்னொருமுறை, சற்று உரக்கக் கூப்பிட்டார்.

"அவளுக்குக் கேக்காது அன்ரி."

திரேசம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மாஸ்க் அவருடைய மூச்சுக்கு உள்ளே போய் வெளியே வந்தது. பிறகு, ஒருக்கால் தூக்கட்டா என்று கேட்டார்.

தக்ஷினி வண்டியின் பிடியை இறுக்கிக்கொண்டாள். இல்லை என்று சொல்லவேண்டும் என்று எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். வேறு என்னவெல்லாமோ சொல்ல வைத்திருந்தாள்.

"இல்லை," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

திரேசம்மா தலையாட்டினார். தன் பையை எடுத்துக்கொண்டு சுவரோரக் கதிரையில் போய் இருந்தார். சற்றுநேரத்தில் தாதி வந்து ஆர்த்திகாவின் பெயரை அழைத்தார். தக்ஷினி குனிந்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் காட்டி, போவோம் என்று கையால் சொன்னாள். காது கேளாத பிள்ளைகளுக்கென்று வருகிற ரீச்சர் காட்டிக்கொடுத்த சைகை. பிள்ளை அதைப் பார்த்தது. பதில் ஒன்றும் செய்யவில்லை. தக்ஷினி இன்னொருமுறை செய்து காட்டிவிட்டு, வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.