மிஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

பாலை அடுப்பில் வைத்தான், பாக்கெட்டின் முனையைக் குப்பையில் போட்டான், பல் தேய்த்தான், பொங்குவதற்குள் திரும்பி வந்து அணைத்தான்... ஒரு டம்ளர் டீ, கொடியிலிருந்து எடுத்த சட்டை, ஈரம் போகவில்லை, பரவாயில்லை, கேம்ப் ரோட்டில் நின்றால் காய்ந்துவிடும், படப்பைக்குப் போகும் கம்பெனி பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது. டம்ளரோடு ஹாலுக்கு வந்தான் வாஜித். மூலையில் கம்ப்யூட்டர் முனகிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் அதுவாக அணையும், வந்ததும் இவன் போட்டுவிடுவான், இவனாக அணைத்ததில்லை, மனைவி ஷாயிஸ்தா இறந்த பிறகு ஒருநாள்கூட இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வீட்டில் யார் இருக்கிறார்கள்... மவுஸை அசைத்தான், திரை விழித்தது, அவளுடைய பக்கம். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இடத்தில் அவள் கட்டிய பக்கம், பத்தாம் வகுப்பு அறிவியல், தமிழ் மீடியம், சந்தேகம் இருந்தால் கேளுங்கள். இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் இலவசக் கருவி ஒன்றைக் கண்டுபிடித்த அன்று குழந்தை மாதிரி கை தட்டினாள். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் செய்தி தெரியும், அடக்கம் செய்த மையவாடி வரைக்கும் வந்து அழுதார்கள். ஆனால் எங்கெங்கோ பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கேட்கிற பிள்ளைகளுக்கு? மிஸ் இறந்துவிட்டார் என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. முதல் வாரம் போட உட்கார்ந்தான். அதற்குள் ஒரு பையன் நியூட்டன் விதி கேட்டிருந்தான், அவளுடைய பழைய பதில் கீழேயே கிடந்தது, எடுத்து ஒட்டினான், முடிவில் அவள் போடுகிற மாதிரியே ‘புரிஞ்சுதா?’ என்று சேர்த்தான்... அப்படித்தான் ஆரம்பித்தது.

புதிதாக ஒன்று வந்திருந்தது, நேற்று சாயங்காலம் போட்டது. கோகிலவாணி, அனகாபுத்தூர். ‘தேங்க்ஸ் மிஸ். நீங்க போட்ட படத்தப் பாத்து வரைஞ்சு பழகிட்டேன். புக்ல ஏ இருக்கற எடத்துல நீங்க வி போட்டிருக்கீங்க. புக்ல தப்பா பிரிண்ட் ஆயிருக்கும்னு நினைக்கிறேன். மிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும். காலைல சயின்ஸ் எக்ஸாம். துஆ பண்ணுங்க மிஸ்.’ டம்ளரைக் கீழே வைத்தான். இந்தப் பிள்ளை கேட்டிருந்தது ஓம் விதிக்கான மின்சுற்று, அதற்கு மட்டும் பழைய பதில் இல்லை. பி.காம் படித்தவனுக்கு என்ன தெரியும், மின்சுற்று வரைய எவனோ வெளிநாட்டுக்காரன் இலவசமாகத் திறந்துவைத்த பக்கம் கிடைத்தது, மின்கலத்தை இழுத்துவை, சாவியை இழுத்துவை, இரண்டு வட்டம், உள்ளே ஒரு ஏ, ஒரு வி... பார்க்க அழகாக இருந்தது, பெருமையாகக்கூட இருந்தது. அலமாரியிலிருந்து ஷாயிஸ்தாவின் புத்தகத்தை இழுத்தான், பக்கங்கள் ஒட்டிக்கொண்டன, அந்தப் படம் வந்தது. அம்மீட்டர் தொடரிணைப்பில். வோல்ட்மீட்டர் பக்க இணைப்பில். மாற்றிப் போட்டிருக்கிறான். புத்தகம் சரி, மிஸ் தப்பு. மிஸ் இல்லை, நான்.

படத்தைத் திருத்தலாம், திருத்தி யார் பார்ப்பது, பிரவுசிங் சென்டர் திறப்பதற்குள் அவள் பரீட்சை ஹாலில் இருப்பாள். விட்டுவிடலாமா... ஒரு கேள்விதானே, அந்தக் கேள்வி வராமலே போகலாம். வந்தால்? சரியாகத் தெரிந்த பிள்ளை ஷாயிஸ்தா பெயரை நம்பித் தப்பாக எழுதிவிட்டு வருவாள். எப்போதோ அப்பா நம்பர் கொடுத்திருந்தாள், டைம் இருந்தா பேசுங்க மிஸ் என்று. பேசினால் ஆண் குரல். மிஸ் எங்கே என்பாள். இன்றைக்கா சொல்வது, ஹாலுக்குள் போகிற பிள்ளையிடம்? விரல் நம்பரை அழுத்திவிட்டது, வைத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் எடுத்துவிட்டார்கள், பின்னால் பஸ் ஹாரன்.

“ஹலோ, யாருப்பா?”

“கோகிலவாணி அப்பாவா? நான் ஷாயிஸ்தா மிஸ் வீட்டுலேருந்து...”

“அட, மிஸ் வூட்டுலேர்ந்தா! நான் துளசிங்கம் சார். பொண்ணைத்தான் வண்டில இட்டுகினு வந்து ஸ்கூல் வாசல்ல வுடறேன். நைட்டெல்லாம் மிஸ்ஸு மிஸ்ஸுன்னு ஒரே பேஜாரு சார், இட்லிய வாய்ல வச்சிகினே படம் வரையுது.”

“குடுப்பா... யப்பா, குடேன்! மிஸ்?”

மிஸ் இல்லம்மா, நான் அவங்க வீட்டுக்காரர், அந்தப் படத்துல ஏ, வி மாறிப்போச்சு, புக்ல இருக்கறதுதான் சரி... சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் ஹாரன்.

“மிஸ் தப்பா போட மாட்டாங்களே.”

“இல்லம்மா, புக்ல...”

“மிஸ்கிட்ட குடுங்க அங்கிள். அவங்க சொன்னா மாத்திக்கறேன்.”

சொல், இப்போது சொல். சுவரில் அவள் ஸ்கூல் ஐடி கார்டு ஆணியில் தொங்கியது, ஃபேன் காற்றில் லேசாகத் திரும்பியது, திரும்பி நின்றது. “படத்தை மிஸ் போடலம்மா. நான் போட்டது. மிஸ்ஸுக்குக் காய்ச்சல்.” பொய்யா இது? காய்ச்சலோடுதானே வீட்டை விட்டுக் கிளம்பினாள்...

“ஐயோ, காய்ச்சலா?” பிறகு களுக்கென்று ஒரு சிரிப்பு. “நீங்க போட்டதா அங்கிள்? அதான! எங்க அப்பாவே பரவால்ல போல. சரி, புக்ல இருக்கறதையே வரைஞ்சிடறேன். மிஸ்ஸ கஞ்சி குடிக்கச் சொல்லுங்க. அங்கிள், அங்கிள், வைக்காதீங்க... மிஸ் எனக்கு எதுனா சொல்லச் சொன்னாங்களா?”

“நல்லா எழுதச் சொன்னாங்க.”

“தெரியும்! எனக்குத் தெரியும்!” ஓடுகிற காலடிச் சத்தம், மணி அடிக்கிற சத்தம், துளசிங்கம் ‘வச்சிடறேன் சார்’ என்று கத்துவது, அப்புறம் ஒன்றுமில்லை. போனைக் கையிலேயே வைத்திருந்தான். எவ்வளவு சுலபமாக வந்தது வாயில்... நல்லா எழுதச் சொன்னாங்க. மத்தியானம் வெளியே வந்ததும் மறுபடி கேட்பாள், மிஸ்ஸுக்கு எப்படி இருக்கு என்பாள், அதற்கு என்ன சொல்வது? அவள் இறந்த அன்றைக்கும் இதே மாதிரிதான் வந்தது. ஜனாஸா எடுப்பதற்கு முன்னால் கணக்கு வாத்தியார் ஞானையா சார் தோளைப் பிடித்துக்கொண்டு, கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா தம்பி என்று கேட்டார். பசங்களைக் கைவிட்டுடாதீங்கன்னு சொன்னா சார். எங்கிருந்து வந்தது அது? அவர் அதை இரங்கல் கூட்டத்தில் சொன்னார், பிள்ளைகள் அழுதார்கள், ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றினார், அதற்கப்புறம் இவனும் அதை நம்பித்தான் ராத்திரிகளில் உட்கார்ந்து ‘புரிஞ்சுதா?’ என்று போட்டுக்கொண்டிருந்தானா... பஸ் இந்நேரம் போயிருக்கும். கம்ப்யூட்டர் முனகியது, அதன் தலைமேல் கை வைத்தான், சுட்டது, காய்ச்சல்காரி நெற்றி மாதிரி. ஆஸ்பத்திரியில் அவள் பேசவேயில்லை, கண்ணே திறக்கவில்லை. அதற்கு முன்னால், வாசலில், துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆட்டோவில் ஒரு காலை வைத்தவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், சொன்னாள், அவ்வளவுதான் சொன்னாள்.

“ஏங்க, அந்தக் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டு வாங்க.”