எந்த மெஷின் நல்லது?

என் வீட்டுக்காரர் சாதிக் பாஷா ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறார். கடைக்காரர்தான், ஆனால் இன்னொரு கடைக்காரரை நம்பமாட்டார். குடை வாங்கக்கூட மூன்று கடை ஏறி இறங்குவார். பெண் பார்த்ததிலும் நான் மூன்றாவது வீடு. இருபது வருடமாக அதைச் சொல்லிக் காட்டி வருகிறேன்.

போன மழைக்காலத்தில் என் முகம் வீங்கியது. மூத்திரம் குறைந்து கடுங்காப்பி நிறத்தில் போனது. என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்றார் சேலத்து டாக்டர் மரியசெல்வி. மருந்தோடு, ரத்தத்தில் சுற்றும் கெட்டதையும் உடனே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் டயாலிசிஸ்.

"ரெண்டு வழி இருக்குதுங்க. ரத்தத்துல இருக்கற மஞ்சத் தண்ணிய, பிளாஸ்மாவ, எடுத்துட்டு வேற ஏத்தறது ஒண்ணு. அது இங்கயே இருக்குது. பிளாஸ்மாவுல கெட்டத மட்டும் புடிச்சுட்டு உங்களோடதையே திருப்பி ஏத்தறது இன்னொண்ணு. அதுக்குக் கோயமுத்தூர் போவோணும்."

"எதுங்க நல்ல சரக்கு?" என்றார் இவர்.

"இதுவரைக்கும் பார்த்ததுல பெரிய வித்தியாசமில்லீங்க. சீக்கிரம் ஆரம்பிக்கறதுதான் முக்கியம்."

வித்தியாசமில்லை என்று யார் சொன்னாலும் இவர் நம்பியதில்லை. வராண்டாவுக்குப் போய் ஊர் ஊராகப் போன் போட்டுவிட்டு வந்தார்.

"சொந்தப் பிளாஸ்மாவே திரும்ப வருதாம் ருக்சானா. கோயமுத்தூர்ல வியாழக்கெழம எடம் இருக்குதாம். இன்னொரு எடத்துலயும் கேட்டுட்டு..."

அன்று திங்கட்கிழமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும்தான். காலையிலிருந்து மூத்திரம் அரை டம்ளர்கூடப் போகவில்லை.

"ஏனுங்க, வியாழக்கெழம வரைக்கும் என்ற கிட்னி உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? இங்க இருக்கற மெஷின்ல இன்னிக்கே போடச் சொல்லுங்க!"

போனைச் சட்டைப்பையில் போட்டார். டாக்டர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

பிளாஸ்மா மாற்றுவது இரண்டு வாரம் நடந்தது. தினமும் மூத்திரத்தை ஜாடியில் அளந்தார்கள். அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, நிறமும் தெளிந்தது. டயாலிசிஸ் வேண்டியதில்லை, மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்று டாக்டர் அனுப்பி வைத்தார்.

பஸ் மலையேறியது. பாதி வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவில், எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. இவர் காதோடு சொன்னேன். நாலு பேர் முன்னால் என் பெயரைக்கூடச் சத்தமாகச் சொல்லாத மனிதர், எழுந்து நின்று கத்தினார்.

"வண்டிய நிறுத்துங்க! என்ற ஊட்டுக்காரிக்கு ஒண்ணுக்கு வருதுங்க! நொம்ப வருதாமுங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். இவர் அழுதுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.