பதினேழாம் வீட்டின் முதல் பத்து நிமிடம்

1

இந்தக் கதையை நான் எழுதவில்லை, பேசுகிறேன். டேப் ரிக்கார்டரில் பேசிவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நானே கேட்டு நானே டைப் அடிக்கிறேன். ஏழு வருடமாக அடுத்தவர் குரலைக் கேட்டு அடிப்பதுதான் என் வேலை. காதில் குரல் இல்லாமல் வெறும் திரையைப் பார்த்தால் எனக்கு விரல் ஓடாது.

காந்தா, இது உனக்கு. நீ அம்மாவுக்குப் படித்துக் காட்டு. வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்று சொல்கிறேன்: நான் முனிராஜ், பர்கூர்க்காரன். 1996இல் பெங்களூர் வந்தேன், இப்போது 2003. காந்தா என் தங்கை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

நேற்று, புதன்கிழமை, நான் டைப் அடித்துக் கொடுக்கும் பேராசிரியர் கோமளம் என்னிடம், "சந்தாபுரால அந்தப் பதினேழாம் வீட்டம்மாவ நான் நேர்ல பாக்கணும்பா. சனிக்கிழம போலாமா?" என்று கேட்டார். கதை அங்கிருந்துதான் வந்தது. போலாம் மேடம் என்று சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் நின்றேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கோமளம் 1944இல் மல்லேஸ்வரத்தில், மைசூர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த சீனிவாசராகவனுக்கு மூன்றாவது மகளாக —'

வேண்டாம். இது நினைவு மலரில் போடுகிற வாக்கியம்.

அப்புறம் இப்படி: 'ஒரே ஆள் வீட்டில் அப்பா, ஆபீஸில் குமாஸ்தா, பஸ்ஸில் வெறும் பயணி. எந்த இடத்தில் யாராக நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதை ஆராய்வதே —'

இது பாடப்புத்தகம்.

மூன்றாவது தொடக்கம் அவரே சொன்னது. அவர் பேசி நான் அடித்த முதல் கேசட்டில் இருக்கிறது. 1991 டிசம்பர், காவிரிக் கலவரம். அவர் வீட்டில் தனியாக இருக்கிறார். கதவு தட்டுகிற சத்தம். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பம், கன்னடம் தண்ணீராக வரும். தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டே, இங்கே தமிழர்கள் யாரும் இல்லை என்று கன்னடத்தில் சொன்னார். வெளியே நின்றது பக்கத்து வீட்டு சரளா, வாங்கிப் போன தயிர்ப் பாத்திரத்தோடு.

"யாருமே இல்லையா? அப்ப இத யார்கிட்டடி குடுக்கறது?" என்று தமிழில் கேட்டாராம்.

"தாழ்ப்பாள இழுக்கற நேரம்தான்பா. அதுக்குள்ள நான் வேற ஆளாயிட்டேன்," என்கிறார் பேராசிரியர் அந்தக் கேசட்டில். (சிரிப்பு. பிறகு மௌனம், ஆறு வினாடி.)

அவருடைய ஆராய்ச்சி அந்தக் கதவில் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு ஆள் போனால் முதல் பத்து நிமிடம் என்ன நடக்கிறது? யார் கதவைத் திறக்கிறார், யார் நிற்கிறார், யார் உட்காருகிறார், யாருக்கு எந்தத் தம்ளர்? விஷயம் பேசத் தொடங்கும் முன்பே அந்த வீட்டின் விதி எல்லாம் வெளியே வந்துவிடும் என்பார்.

3

இந்தக் கோமளத்தை ரொம்ப நல்லவராகக் காட்டுகிறேனோ என்று சந்தேகம் வருகிறது. அதனால் இதையும் சேர்க்கிறேன். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் அவர் ஆபீஸ். முன் அறையில் ஐந்து விதமான நாற்காலி. புதிதாக வருகிறவர் எதில் உட்காருகிறார் என்று நோட்டில் எழுதிக்கொள்வார். நான் வேலை கேட்டுப் போன அன்று எதிலும் உட்காரவில்லை. நாற்பது நிமிடம் நின்றேன். உட்காரச் சொன்னால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று அவரும் சொல்லவில்லை. நோட்டில் 'நின்றான்' என்று எழுதினார்.

எனக்குக் கால் வலித்தது.*

* இதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை.

4

இனி என் தப்பு.

மாணவிகள் வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுத்து கேசட் கொண்டுவருவார்கள். நான் அடிப்பேன். அடித்து முடித்த கேசட்டில் அடுத்த பேட்டியைப் பதிவார்கள். இருமல், சிரிப்பு, மௌனம் எல்லாவற்றையும் அடைப்புக்குள் போட வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருந்தார்கள். போட்டேன். ஆனால் சந்தாபுரா கேசட்டுகள் வந்தபோது, வேகமாக முடிக்கிறான் என்று பெயர் வாங்க ஆசை. தொடக்கத்தில் 'வாங்க, உக்காருங்க, காப்பி குடிக்கிறீங்களா, பரவால்லைங்க' என்றுதானே இருக்கிறது, பேட்டி இனிமேல்தானே என்று, கேட்காமலே டேப்பை ஓட்டிவிட்டேன். ஏழாம் வீட்டிலிருந்து பதினேழாம் வீடு வரை, பதினொரு வீடு.

பேராசிரியருக்கு வேண்டியது அது மட்டும்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"முதல் பத்து நிமிஷம் எங்கப்பா?" என்று கேட்டார்.

"தனியா அடிச்சு வச்சிருக்கேன் மேடம். நாளைக்கு எடுத்துட்டு வரேன்."

கேசட்டில் அதற்குள் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பேட்டி எடுத்த ஸ்ரீலக்ஷ்மி கல்யாணமாகி வெளிநாடு போயிருந்தாள். அன்று ராத்திரி நான் எழுத்தாளன் ஆனேன். (இந்த வாக்கியம் கொஞ்சம் அலட்டல். இருக்கட்டும்.) பதினொரு வீட்டுக்கும் வாசல், நாற்காலி, தம்ளர். பத்து வீடு முடிந்ததும் கற்பனை தீர்ந்துவிட்டது. பதினேழாம் வீட்டுக்கு நம் வீட்டைப் போட்டேன். அப்பா நாற்காலியில். அம்மா சமையலறை வாசலில், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. வந்தவர் கேட்பதற்கு அம்மா மெதுவாகப் பதில் சொல்ல, அதையே அப்பா தன் பதில் மாதிரி உரக்கச் சொல்கிறார்.

புத்தகம் இரண்டாயிரத்தில் வந்தது. மூன்றாவது அத்தியாயம் முழுக்கப் பதினேழாம் வீடு. 'தன் குரலைக் கணவன் வாயில் வைத்துவிட்டு, வாசற்படி தாண்டாமல் நிற்கும் பெண்.' அதைப் பற்றி டெல்லி வரை பேசினார்கள். நன்றியுரையில் என் பெயரும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் காந்தா, நீ கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறாய்.

இப்போது இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. அதற்குத்தான் அந்த அம்மாவைப் பார்க்க வேண்டுமாம். வீடு நிஜம். அந்தப் பெண்ணும் நிஜம். அவள் எங்கே நின்றாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

5

வெள்ளிக்கிழமை. காயின் போனிலிருந்து கூப்பிட்டேன். என்ன பேசினோம் என்று உனக்கே தெரியும் காந்தா, ஆனால் மற்றவர்களுக்குத் தெரியாதே.

"ண்ணா, அம்மா புக்குல வந்துட்டாளா? போட்டோ போட்டிருக்காங்களா?"

"போனை அம்மாகிட்ட குடு."

நான் எழுதினதையும், அதை அடக்கம் என்று புத்தகம் சொல்வதையும் சொன்னேன். அம்மா முழுசாகக் கேட்டாள்.

"அங்க நின்னா அடக்கமா? யாருடா சொன்னது?"

"புக்குல, ம்மா."

"அங்க நின்னாத்தான் தெரு தெரியும். வந்தவன் தெருவுல யார நிறுத்திட்டு வந்திருக்கான்னு பாக்க வேணாவா? உங்கப்பாவுக்கு எதிர்ல இருக்கற மூஞ்சி மட்டுந்தான் தெரியும். அவரு எதுக்காவது தலையாட்டிட்டாருன்னா?"

"அது எனக்குத் தெரியாது ம்மா."

"நீ எப்பவாச்சும் கேட்டியா? சரி, அந்தப் பொம்பளைக்கு இன்னா பேரு வச்சே?"

"பேரு இல்ல. பதினேழாம் வீடு."

(இன்னொரு காயின் போட்டேன்.)

"அவ இடத்துல நான் நின்னுட்டிருக்கேன். அவ எங்க போயி நிப்பா, முனிராஜு?"

போன் கட்டாகிவிட்டது.

6

இந்தக் கதைக்கு நான் டேப்பில் பேசிப் பார்த்த முடிவுகள்:

அ) நான் எதுவும் சொல்வதில்லை. கதவு திறக்கிறது. அந்தப் பெண் சமையலறை வாசலில், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. என் பொய் நிஜமாகிவிடுகிறது. (சினிமா.)

ஆ) நான் எதுவும் சொல்வதில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாரும்மா நீங்க என்று கேட்கிறாள். பேராசிரியர், ஆறு வருடத்தில் காலம் எவ்வளவு மாறிவிட்டது என்று எழுதிக்கொள்கிறார். (பொய்க்கு மேல் இன்னொரு அத்தியாயம்.)

இ) ஜுரம் என்று சொல்லிவிட்டு நான் போகாமலே —

ஜுரம் மாதிரிதான் இருந்தது. போனேன்.

7

சனிக்கிழமை. மடிவாளாவில் பஸ் ஏறினோம். அவருக்கு ஜன்னல் சீட். பொம்மனஹள்ளி சிக்னலில் வண்டி நின்றது.

"மேடம், பதினேழாம் வீட்டு முதல் பத்து நிமிஷம் நான் எழுதினது."

"நீதானப்பா அடிச்சே."

"அடிக்கல மேடம், எழுதினேன். கேசட்ட கேக்காம ஓட்டிட்டேன். அது எங்கம்மா."

(மௌனம். பொம்மனஹள்ளியிலிருந்து சிங்கசந்திரா வரை.)

"பதினொண்ணுமா?"

"பதினொண்ணும்."

"அஞ்சு வருஷமா அந்தம்மாவப் பத்திக் கிளாஸ் எடுத்திண்டிருக்கேன்." கைப்பையைத் திறந்தார், மூடினார். "அந்த அத்தியாயம் போச்சு. உன்ன வேலைல வச்சுக்க முடியுமான்னும் தெரியல. இப்போ என்ன கேக்காதே."

"சரி மேடம். திரும்பிடலாமா?"

"சந்தாபுரா இன்னும் வரலையே."

எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் கேட்டார்: "உங்கம்மா எதுக்கு அங்க நிப்பா?"

"அங்கருந்துதான் தெரு தெரியுமாம்."

நோட்டை எடுத்தார். ஏதோ எழுதப் போனவர் பேனாவை மூடிவிட்டார்.

"எதுக்கு நிக்கறேள்னு நான் ஒருத்தரக்கூடக் கேட்டதில்ல," என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

பச்சைக் கதவு. வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. பேராசிரியர் தட்டப் போய், கையை இறக்கிக்கொண்டார்.

"நீ தட்டு. மொதல்ல டேப்ப ஆன் பண்ணு."

பண்ணினேன். தட்டினேன். உள்ளே தாழ்ப்பாளில் யாரோ கை வைக்கிற சத்தம்.

8

காந்தா, படிப்பதை இங்கே நிறுத்தி, அம்மாவுக்குத் தண்ணீர் கொடு.

அந்தக் கேசட் என்னிடம்தான் இருக்கிறது. வேலை இருக்கிறதோ இல்லையோ, திங்கட்கிழமை அதை ஒரு இருமல் விடாமல் அடித்துக் கொடுப்பேன். ஆனால் அதை இந்தக் கதையில் சேர்க்க மாட்டேன். அந்தப் பெண்ணின் இடத்தை ஒரு தடவை நான் நிரப்பிவிட்டேன். இப்போது அது காலியாக இருக்கட்டும்.

[                                        ]

படிக்கிறவர்களுக்கு ஒன்று. அந்த அடைப்புக்குள் உங்களுக்கு இதற்குள் ஒருத்தி தெரிந்திருப்பாள், ஏதோ ஓர் இடத்தில் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ. அவள் யாருடைய அம்மா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.