மூன்றாவது பள்ளம்

பூட்டுக்காரருக்குத் தன் தொழிலில் ஒரே ஒரு மனக்குறை இருந்தது. வீட்டுக்குள் போக முடியாமல் வாசலில் தவித்து நிற்கிறவர்கள் யாரும் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று கேட்பதில்லை. திறந்தால் போதும் என்கிறார்கள். திறந்த மறுநிமிடம் உள்ளே ஓடிவிடுகிறார்கள், பெரும்பாலும் கழிப்பறைக்கு. ஓடுகிறவர் முதுகைப் பார்த்து எதை விளக்குவது?

அந்தக் குறையைச் செல்போன் தீர்த்து வைத்தது. கடையின் பெயரில் ஒரு பக்கம் தொடங்கி, பழைய பூட்டு ஒன்றைக் குறுக்கே அறுத்து, அதன் வயிற்றைக் காட்டி வீடியோ போட்டார்.

"உள்ளே வரிசையா சின்னச் சின்ன ஊசிங்க இருக்கு பாருங்க. ஒவ்வொண்ணும் ரெண்டு துண்டு. மேலேயிருந்து ஸ்பிரிங் அழுத்திக்கிட்டே இருக்கும். சாவியில இருக்கிற பள்ளம் மேடெல்லாம் இந்த ஊசிங்களை ஆளுக்கொரு உயரத்துக்குத் தூக்கும். எல்லா ஊசியோட மூட்டும் ஒரே கோட்டுக்கு வந்தாத்தான் உருளை சுத்தும். ஒண்ணு முரண்டு பிடிச்சாலும் சுத்தாது. நம்ம குடும்பங்க மாதிரின்னு வச்சுக்குங்க."

ஊர் பேர் தெரியாத யார் யாரோ பார்த்தார்கள். சந்தேகம் கேட்டார்கள். சோற்றுத் தட்டைப் பக்கத்தில் ஆறவிட்டு ஒவ்வொருவருக்கும் அவர் பதில் எழுதினார். இத்தனை காதுகள் இத்தனை நாளாக எங்கே இருந்தன என்று வியந்துபோனார். வாடிக்கையாளர்களும் கூடினார்கள், ஆனால் அது அவருக்கு இரண்டாம்பட்சம்.

கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதோடு நின்றிருந்தால் வம்பில்லை. கேட்காதவர்களுக்கும் சொன்னார். தங்கை புது வீடு வாங்கி, நீல நிறக் கதவையும் அதில் மின்னும் பூட்டையும் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். மாப்பிள்ளை கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய பூட்டு. சித்தி, பெரியம்மா, மாமா எல்லாரும் கைதட்டும் பொம்மைகளைப் போட்டார்கள். பூட்டுக்காரர் மட்டும் பத்தி பத்தியாக எழுதினார். வெளியே பளபளப்பு நன்றாக இருக்கிறது, உள்ளே ஊசிகள் மட்டமான ரகம், மாப்பிள்ளை காசு கொடுத்தது மினுக்கத்துக்கு என்று முடித்தார். சந்தேகம் இருப்பவர்களுக்காக, அதே ரகப் பூட்டை ஒரு கம்பியால் தான் திறக்கும் வீடியோவையும் இணைத்தார். மாப்பிள்ளை ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினார். தங்கை அண்ணனை எல்லா இடத்திலும் பிளாக் செய்தாள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அந்த வீட்டு வாசலை அவர் மிதித்ததும் இல்லை.

இப்படி இருக்கையில் ஒரு காலை, அவர் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுச் செல்போனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏங்க, உங்க தங்கச்சி குடும்பத்தோட கடற்கரைக்குக் கிளம்பிட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பிளாக் உங்களுக்குத்தானே? எனக்கில்லையே. நான் தினம் லைக் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லை."

"சொன்னா அதுக்கும் விளக்கம் சொல்வீங்க."

அவர் போனை வாங்கிப் பார்த்தார். விரிந்த உள்ளங்கையில் ஒரு சாவி. பின்னால் மங்கலாக அந்த நீலக் கதவு. கீழே, 'ஒரு வாரத்துக்கு வீட்டையும் பூட்டியாச்சு, கவலையையும் பூட்டியாச்சு' என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு அது விடுமுறை. பூட்டுக்காரர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். அவர் உதடுகள் அசைந்தன.

"ஆழம், மேடு, நடுத்தரம், மேடு, ஆழம்."

"என்ன ஜபம் பண்றீங்க?"

"சாவியைப் படிக்கிறேன். இங்கே பாரு. இந்தப் பள்ளங்க இஷ்டத்துக்கு வெட்டினது இல்லை. படிக்கட்டு மாதிரி அளவு வச்சு வெட்டினது, அதுவும் சில படிங்கதான். ஒவ்வொரு பள்ளமும் எந்தப் படியில நிக்குதுன்னு கண்டுபிடிச்சா போதும், சாவியே கையில தேவையில்லை. இந்தப் படத்தை வச்சு யார் வேணும்னாலும் சாவி வெட்டலாம்."

"யார் வேணும்னாலுமா?"

"என்னை மாதிரி யார் வேணும்னாலும்."

"உங்களை மாதிரி ஒருத்தர்தான் இருக்கார். அதுவரைக்கும் நிம்மதி."

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கும் மனசு கேட்கவில்லை. வீடு காலி என்பதையும் சாவியையும் ஒரே படத்தில் ஊருக்கு அறிவித்தாயிற்று. நாத்தனாரைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. 'சாவிப் படத்தை எடுத்துடும்மா, ஆபத்து' என்று செய்தி அனுப்பினாள். சற்று நேரத்தில் பதில் வந்தது.

'அண்ணி, இது அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதானே? என் கதவு மேல கண்ணு வச்சது போதாதாமா, இப்ப சாவி மேலயுமா? படம் அங்கேயேதான் இருக்கும்னு சொல்லுங்க.'

பூட்டுக்காரர் கடைக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரு வழி தோன்றியது. தங்கை பிளாக் செய்தது அண்ணனைத்தான். கடையின் பக்கத்தைச் செய்யவில்லை. கடையின் பெயரில் அவள் படத்துக்குக் கீழே எழுதினார்: 'சாவியைப் படம் எடுத்துப் போடாதீர்கள்.'

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் எச்சரிப்பது அதட்டல். அவர் யாரையும் அதட்டிப் பழக்கமில்லாதவர். எனவே காரணத்தையும் எழுதினார். பள்ளங்களின் படிகள், படத்தை எப்படிப் பெரிதாக்குவது, எந்த விளிம்பிலிருந்து அளவு எடுப்பது எல்லாவற்றையும் குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதினார். அவர் எழுதியதிலேயே தெளிவானது அதுதான். மதியத்துக்குள் தங்கையின் படத்தைவிட அவருடைய கமெண்ட்டுக்கு லைக் அதிகமாகிவிட்டது. 'பூட்டு வாத்தியார் பாடம்' என்று ஆளாளுக்கு அதைப் பகிர்ந்தார்கள். அந்தப் படத்தைப் பார்க்காமல் இருந்திருக்கக்கூடிய எல்லாரும் அவர் தயவால் பார்த்தார்கள்.

அப்போது, முகத்துக்குப் பதில் கேள்விக்குறியை வைத்திருந்த ஒருவர் கேட்டார்: 'மிக அருமையான விளக்கம். மூன்றாவது பள்ளத்தில் நிழல் விழுந்திருக்கிறதே, அது ஆழமா நடுத்தரமா?'

பூட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. இவ்வளவு கூர்ந்து படிக்கிற ஆள் எத்தனை பேருக்குக் கிடைப்பார்? 'நல்ல கேள்வி. நடுத்தரம்தான். நிழலை நம்பாமல் பக்கத்துப் பள்ளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்' என்று தட்டி அனுப்பினார். உடனே ஒரு இதயம் வந்தது. பின்னாலேயே 'மிக்க நன்றி ஐயா' வந்தது.

அந்த நன்றியை இரண்டாம் தடவை படித்தபோதுதான், கேட்டது யார் என்று அவருக்குத் தோன்றியது. கேள்விக்குறியின் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தார். பெயர் இல்லை, படம் இல்லை, நண்பர் என்று ஒருவரும் இல்லை. படிப்பில் ஆர்வமுள்ள யாரோவாக இருக்கலாம். வேறு எதில் ஆர்வமுள்ள யாரோவாகவும் இருக்கலாம். எழுதியதையெல்லாம் அவசரமாக அழித்தார். அதற்குள் அது நாலு பேர் பக்கத்தில் படமாக உட்கார்ந்திருந்தது.

மனைவிக்குப் போன் போட்டு ஒப்புக்கொண்டார்.

"வீட்டு விலாசத்தையும் எழுதியிருக்க வேண்டியதுதானே?"

"அதை அவளே போட்டிருக்கா. வீடு வாங்கினப்போ."

மனைவி மறுபடி கூப்பிட்டும் தங்கை போனை எடுக்கவில்லை. பூட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு வெற்றுச் சாவியை இயந்திரத்தில் பொருத்திப் படத்தைப் பார்த்து வெட்டினார். பிசிறை அரத்தால் தேய்த்தார். கடையில் இருந்ததிலேயே நல்ல சிலிண்டரை, அதாவது ஊசிகள் அடங்கிய பூட்டுருளையை, பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தெரு முழுக்க அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி வீடுகள். நீலக் கதவு ஒன்றே ஒன்றுதான். சாவியை நுழைத்துத் திருப்பினார். முரண்டில்லாமல், முதல் தடவையே, வெண்ணெயில் கத்தி போலத் திரும்பியது. வெறும் படத்தைப் பார்த்து வெட்டிய சாவி. இதை யாராவது பார்த்திருக்கக் கூடாதா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எதிர்வீட்டு மாடியில் ஒருவர் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

பூட்டுக்காரர் கதவைத் திறந்து வைத்துவிட்டு அதன் விளிம்பில் இருக்கும் நீளத் திருகாணியைக் கழற்றினார். அதைக் கழற்றினால் மட்டும் சிலிண்டர் வெளியே வராது. சாவியைப் போட்டுக் கொஞ்சமாகத் திருப்பிப் பிடித்தால்தான் உள்ளே இருக்கும் நாக்கு ஒதுங்கி வழிவிடும். அப்படி உருவியெடுத்து அவர் நிமிர்ந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. முன்னால் எதிர்வீட்டுக்காரர், தெருக் குழுவுக்கு அவர்தான் அட்மின். பக்கத்தில், பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு ஒரு அம்மாள்.

"யாருங்க நீங்க?" என்றார் அட்மின்.

"இந்த வீட்டு அம்மாவுக்கு அண்ணன்."

"அப்படியா. அவங்களுக்கு ஒரு போன் போடுங்க பார்ப்போம்."

"போட முடியாதுங்க. என்னை பிளாக் பண்ணியிருக்கா."

"அண்ணன்னா ஏன் பிளாக் பண்றாங்க?"

"அண்ணன்ங்கிறதாலதான்."

ஈரக்கை அம்மாள் தன் போனில் தங்கையின் பக்கத்தைக் கீழே கீழே தள்ளிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு வீட்டு நாய்க்குட்டி வரைக்கும் இதுல இருக்கு. இவரை ஒரு படத்துலயும் காணோம்."

"அண்ணன்னு சொல்லிக்கிட்டு சுத்தியலோட வர்றது இப்ப புது டெக்னிக்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சுத்தியல் இல்லைங்க, இது ஸ்குரூ டிரைவர்," என்று பூட்டுக்காரர் திருத்தினார்.

"போலீஸுக்குச் சொல்லிடவா?" என்றார் அட்மின்.

அவர் ஏற்கெனவே, 'பட்டப்பகலில் நம் தெருவில்' என்று தலைப்பு வைத்து வீடியோவைத் தெருக் குழுவில் ஏற்றியிருந்தார். தங்கையும் அந்தக் குழுவில் இருந்தாள். அவர் போலீஸ் எண்ணைத் தேடும்போதே போன் ஒலித்தது. வீடியோ அழைப்பு. திரையில் காற்றில் பறக்கும் தலைமுடியும் கடல் இரைச்சலுமாகத் தங்கை. அவள் தோளுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் பாதி முகம்.

"அம்மா, இந்த ஆளைத் தெரியுமா உங்களுக்கு?" அட்மின் போனைத் திருப்பினார்.

தங்கை திரையை முகத்தருகே கொண்டுபோனாள். ஒரு கையில் தன் வீட்டுப் பூட்டின் குடலும் மறு கையில் ஸ்குரூ டிரைவருமாக நிற்கிற அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தெரியாது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல அவளுக்குக் காரணமும் இருந்தது என்பது பூட்டுக்காரருக்கும் தெரியும்.

"எப்படி உள்ளே போனே?" என்றாள் கடைசியில்.

"நீ போட்ட படத்தைப் பார்த்து சாவி வெட்டினேன்."

"படத்தைப் பார்த்தா?" என்றார் மாப்பிள்ளை, முழு முகமும் தெரிய முன்னால் வந்து.

"ஆமா மாப்பிள்ளை. இப்ப ஒவ்வொரு பள்ளமும் ஒரு படின்னு வச்சுக்குங்க..." ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "அதை விடுங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்க படத்துக்குக் கீழே கடை பேர்ல எழுதினது நான்தான். அங்கே முகம் தெரியாத ஆள் ஒருத்தன் மூணாவது பள்ளம் ஆழமா நடுத்தரமான்னு கேட்டான். சொல்லிட்டேன். அதான் மாத்திட்டுப் போயிடலாம்னு ஓடி வந்தேன்."

"கேட்டதும் சொல்லிட்டியா?"

"நல்ல கேள்வியா இருந்துச்சும்மா."

தங்கை நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று காற்று இரைச்சலில் தெரியவில்லை. பிறகு கையை எடுத்தாள்.

"ஐயா, சந்தேகமே வேண்டாம். இது எங்க அண்ணன்தான். இப்படி வேற யாரும் இருக்க முடியாது."

கூட்டம் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கலைந்தது. அட்மின் வீடியோவை அழித்துவிட்டதாகச் சொன்னார். அது எங்கெங்கே போய்விட்டது என்பதை அவர் சொல்லவில்லை. பூட்டுக்காரர் புதுச் சிலிண்டரைச் செருகித் திருகாணியை இறுக்கினார். நீலக் கதவு மூடித் திறந்தது.

"படத்தை எடுத்துட்டேன்," என்றாள் தங்கை. "புதுச் சாவி?"

"எங்கிட்ட இருக்கட்டும். வந்து வாங்கிக்கோ."

"எப்ப வர்றேன்னு சொல்லணும்னா உனக்குப் போன் போடணுமே."

"போடணும்."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை அவள் காதில் எதையோ முணுமுணுத்தார்.

"சரி, வந்தது வந்துட்டே. சமையலறைப் பின்கதவுத் தாழ்ப்பாளையும் ஒரு பார்வை பார்த்துடச் சொல்றார். அதுவும் அவர் வாங்கினதுதான். ஆனா விளக்கம் வேண்டாம்."

பூட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு முதன்முறையாக அந்த வீட்டுக்குள் போனார். போனைத் தூக்கிப் பிடித்தபடி அட்மின் பின்னாலேயே போனார். சமையலறையில் தாழ்ப்பாளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார் பூட்டுக்காரர். வாயை இறுக மூடிக்கொண்டார். இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது நல்ல தாழ்ப்பாள்," என்றார். "ஏன் நல்ல தாழ்ப்பாள்னா..."

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அட்மினுக்குக் கை வலித்தது. போனை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். தங்கை அழைப்பைத் துண்டிக்கவில்லை.